இரண்டாவது பீப்பாய்

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு இந்த நாட்டு மக்களைக் காக்கும் பொறுப்பை அரசாங்கம் தன் தோளில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஹட்டனில் ஒரு மண்டபத்தில், தேசிய எச்சப் பொறுப்புச் செயலகத்தின் பிரதிப் பணிப்பாளர் திருவாளர் றோலண்ட் இதை அறிவித்தார். கதிரியக்கக் கழிவின் முகாமைத்துவத்துக்கும் அகற்றலுக்குமான தேசியக் கொள்கை மூன்று மொழிகளில், வழவழப்பான தாளில் அச்சாகி, வந்த எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கப்பட்டது. "நமக்குப் பின் வரும் அறுபது தலைமுறைகள் நம்மை நன்றியோடு நினைவுகூரும்" என்றார் அவர். அறுபது தலைமுறைகளும் வந்து சேராததால் முன்வரிசையில் இருந்த ஆறு பேர் கை தட்டினார்கள். குத்துவிளக்கின் ஐந்து முகங்களில் இரண்டு மட்டும் எரிந்தன. மற்ற மூன்று திரிகளும் ஹட்டன் பனியில் நமத்துப்போயிருந்தன.

அந்த ஆயிரத்து அறுநூறு ஆண்டு முடியும்போது சங்கதி பாதிதான் தீர்ந்திருக்கும், மீதிப் பாதி அப்படியே இருக்கும் என்ற செய்தி நாற்பத்திரண்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை அவர் மேடையில் சொல்லவில்லை.

அறுபது தலைமுறைகளின் பாரம் அந்த நேரத்தில் ஸ்ட்ராத்வுட் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், பிள்ளைக்காம்பராவின் உள்ளறையில், பாய் அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் அந்த இரண்டறைக் கட்டடத்துக்கு வினோதா பொறுப்பு. இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் எட்டு தொட்டில் பிள்ளைகள். உள்ளறை தூங்குவதற்கு, வெளியறை விளையாடுவதற்கு என்று கட்டப்பட்டது. அப்படித்தான் நடந்தும் வந்தது, இடிதாங்கி இறங்கும் வரை.

ஃபெக்டரிக் கூரையில் அந்த இடிதாங்கியை எந்தத் துரை வைத்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அதன் உச்சியில் கொஞ்சம் ரேடியம் இருந்தது. அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகமாம். ரேடியம் இருந்தால் இடி மரியாதையாக நடந்துகொள்ளும் என்று விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அது கழிவு. செயலகத்து ஆட்கள் வந்து இறக்கினார்கள், ஈயத்தில் பொதிந்தார்கள், பீப்பாயில் வைத்துச் சீமெந்து ஊற்றி மரையாணி போட்டு மூடியை இறுக்கினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். எங்கே வைப்பது என்பதில்தான் கொள்கை உள்ளே நுழைந்தது.

"சீமெந்துத் தரை. ஒழுகாத கூரை. பூட்டக்கூடிய கதவு. கம்பியிட்ட சன்னல்" என்று, பீப்பாய் வந்த அன்று றோலண்ட், அப்போது வரைவாக இருந்த கொள்கைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். "பிரிவு ஐந்து."

மேற்பிரிவில் அப்படி இரண்டு கட்டடங்கள்தான் இருந்தன. ஒன்று பெரிய துரையின் பங்களா. அதைப் பற்றி யோசிக்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லாததால் மற்றது தெரிவானது.

"சின்னப் புள்ளைங்க இருக்கே சேர்" என்றாள் வினோதா.

"அஞ்சத் தேவையில்லை. ஈயக் கவசம், சீமெந்துக் கவசம், உருக்குக் கவசம். முற்றிலும் பாதுகாப்பானது."

பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த லெட்சுமி, மகனை மடியில் போட்டபடி திரும்பாமலே கேட்டாள்: "அம்புட்டுப் பத்திரம்னா தொரை பங்களாவுலயே வெக்கலாமே? பத்திரமில்லேன்னா இங்க எதுக்கு வெக்கிறீங்க?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் நுழையக் கொள்கையில் பிரிவு எதுவும் இல்லை. றோலண்ட் பக்கத்தைப் புரட்டினார்.

"அதுல புள்ளைங்களப் பத்தி ஒண்ணுமே போடலீங்களா சேர்?" என்றாள் வினோதா.

"ஏன் இல்லை? எதிர்காலச் சந்ததியினரின் பாதுகாப்பு என்று முகவுரையின் முதல் வரியிலேயே இருக்கிறதே."

அந்த அறையில் இருந்த இருபத்து மூன்று பேரும் துரதிர்ஷ்டவசமாக ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள்.

"இரண்டே வாரம்" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். வினோதா கையெழுத்து வைத்தாள். பிள்ளைக்காம்பராவுக்கு எது வந்தாலும் கையெழுத்து வைத்துப் பழகியவள் அவள். பாய் வந்தாலும் வைப்பாள், மாப் பைக்கற்று வந்தாலும் வைப்பாள், எலிப்பொறி வந்தபோதும் வைத்தாள். அந்தத் தாள் தன்னை 'உள்ளூர்ப் பொறுப்பாளர்' என்ற பதவியில் அமர்த்தியது என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. றோலண்ட் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனார். பிள்ளைகளின் பாய்களும் அலமாரியோடு உள்ளே மாட்டிக்கொண்டன.

இரண்டு வாரம் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆனது. அன்று லெட்சுமியின் மடியில் கிடந்தவன் இப்போது வாசலில் ஓடித்திரிகிறான். இப்போது மடியில் இருப்பது அவன் தங்கச்சி நிலக்ஷி, ஏழு மாதம்.

வினோதா சும்மா இருக்கவில்லை. முதல் கடிதத்துக்கு நாலு மாதத்தில் பதில் வந்தது. உறையைப் பிரித்தால் அவள் எழுதிய கடிதமே உள்ளே இருந்தது. மேலே ஒரு குறிப்பு: 'உள்ளூர்ப் பொறுப்பாளரின் கவனத்துக்கு. இம்முறைப்பாட்டை விசாரித்து, முறைப்பாட்டாளருக்கு மூன்று வாரத்துக்குள் பதில் அனுப்பி, பிரதியை எமக்கு அனுப்பவும்.'

"இதுல முறைப்பாடு குடுத்தது யாரு?" என்று கேட்டாள் லெட்சுமி.

"நான்தான்."

"விசாரிக்கிறது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப ஒங்களுக்கு நீங்களே ஒரு நல்ல பதிலாப் போடுங்க டீச்சர். கடுமையாப் போட்றாதீங்க, பாவம்."

இரண்டாவது கடிதத்துக்கு, நிரந்தரக் களஞ்சியம் அமைக்க இடம் தெரிவாகவில்லை என்று பதில் வந்தது. நாட்டுக்கு அப்படி ஓர் இடம் கட்டாயம் தேவை என்பதை எல்லா மாவட்டங்களும் ஏற்றுக்கொண்டிருந்தன. அது பக்கத்து மாவட்டத்தில் அமைய வேண்டும் என்பதிலும் எல்லா மாவட்டங்களும் ஒத்துப்போயின. அதுவரைக்கும் கொழும்புக்கு அருகே ஒரு தற்காலிகக் களஞ்சியம் உண்டு, அங்கே கொண்டுபோக லொறி இல்லை. லொறி உண்டு, அனுமதி இல்லை. அனுமதி வந்தது, லொறி பழுது. ஒவ்வொரு பதிலிலும் தேசியக் கொள்கையின்பால் அவள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

பிறகு வேறோர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த மாதம் முப்பதாம் திகதி பரிசோதகர் வருவார். பிள்ளைகள் தூங்கத் தனி அறை இல்லாத நிலையங்களில் பதினொரு பேருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிகுதிப் பிள்ளைகளைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்ற வேண்டும். உள்ளறை திறந்தால் இருபத்து மூன்று பேரும் இருக்கலாம். திறக்காவிட்டால் பன்னிரண்டு பேர் போக வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முதலில்.

கீழ்ப்பிரிவு குறுக்குப் பாதையில் மூன்று மைல். பாதி தூரம் அட்டைக்காடு.

லெட்சுமிக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. "பத்து மணிக்கும் ரெண்டு மணிக்கும் நான் பால் குடுக்க வரணும். மூணு மைல் எறங்கி, மூணு மைல் ஏறி, எப்ப டீச்சர் கொழுந்தெடுக்கிறது? கங்காணி எனக்கு நாள் பேர் போடுவாரா, முழுச் சம்பளம் வருமா?"

"திறக்க வெக்கிறேன் லெட்சுமி. முப்பதுக்கு முன்னாடி திறக்க வெக்கிறேன்."

பதினேழு தடவை தொலைபேசி எடுத்தாள். பதினெட்டாவதில் றோலண்டே பேசினார். அதிசயமாக, வருகிறேன் என்றார். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு நாட்டின் முன்னேற்ற அறிக்கை போகிறதாம். அதில் கழிவு அகற்றப்படுவதுபோல் ஒரு புகைப்படம் தேவையாம். அப்படிப் படம் எடுக்க வேண்டுமென்றால் எங்காவது ஓர் இடத்தில் உண்மையாகவே அகற்ற வேண்டியிருந்தது.

இருபத்தேழாம் திகதி முற்பகலில் வந்தார். பூட்டைத் திறந்தார். கோப்பை விரித்தார். பீப்பாயைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார்.

"மற்றது எங்கே?"

"எந்த மத்தது சேர்?"

"கோப்பில் இரண்டு என்று இருக்கிறது. சென்ற ஆண்டு இருப்புக் கணக்கெடுப்புப் படிவம். உங்கள் கையெழுத்து." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவள் கைப்பட இரண்டு என்று எழுதியிருந்தது.

வினோதாவுக்கு உடனே விளங்கியது. பிள்ளைக்காம்பராப் பட்டியலில் பாத்திரம் எழுதினால் மூடியைத் தனியாகத்தான் எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மூடி காணாமல் போய், அவள் எழுத்தில் விளக்கம் கொடுக்க நேர்ந்தது. அன்றிலிருந்து குண்டான் நாலு, மூடி நாலு என்றே எழுதி வருகிறாள். செயலகத்தின் படிவம் வந்தபோதும் சன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்து அப்படியே எண்ணினாள். பீப்பாய் ஒன்று. மூடி ஒன்று.

அதைச் சொன்னாள். றோலண்ட் பொறுமையாகக் கேட்டார்.

"மூடியைத் தனி அலகாகக் கொள்கை கருதுவதில்லை."

"திருத்திருங்க சேர். ஒண்ணுன்னு போடுங்க, நான் இப்பவே கையெழுத்து வெக்கிறேன்."

"கூட்டுவதாக இருந்தால் படிவம் ஏழு. குறைப்பதற்குப் படிவம் இல்லை. குறைந்தால் அது திருத்தம் ஆகாது டீச்சர், களவு ஆகும். கதிரியக்கப் பொருள் காணவில்லை என்று நான் அறிவிக்க வேண்டும். பொலிஸ் வரும், இராணுவம் வரும். முதல் வேலையாக இந்தக் கட்டடத்துக்குச் சீல் வைப்பார்கள்."

"களவு போக இருந்தாத்தானே சேர் களவு போகும்?"

"கோப்பில் இருக்கிறதே." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பங்களாவில் பகல் சாப்பாடு ஆயத்தமாயிருந்தது. "நாளைக் காலை எட்டு மணிக்கு லொறியோடு வருகிறேன். இரண்டாவதைத் தேடி வையுங்கள்."

போகும்போது உள்ளறைக் கதவைப் பூட்ட மறந்துவிட்டார். மறந்தாரா, மறந்ததுபோல் போனாரா என்று பிறகு இரண்டு அபிப்பிராயம் நிலவியது.

ஃபெக்டரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஜெயகாந்தன் அப்போதுதான் வந்தார். பிள்ளைக்காம்பராவின் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்தவர் கதையை முழுவதும் கேட்டுவிட்டுக் குழாயை மறந்தார்.

"எங்கண்ணே தேடுறது?" என்றாள் வினோதா. அழுகை வந்தது, பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"தேடுவானேன்? செஞ்சிட்டாப் போச்சு."

"வெளையாடாதீங்கண்ணே. கவர்மெண்டு சாமான்."

"கவர்மெண்டு ரெண்டு இருக்குன்னு எழுதி வெச்சிருக்கு. ஒண்ணுதான் இருக்குன்னா கவர்மெண்டு பொய் சொன்னதா ஆயிரும். நாம அப்படி விடலாமா தங்கச்சி?"

லெட்சுமிக்கு இரண்டு மணிப் பால் நேரம். நிலக்ஷியைத் தோளில் சாய்த்துத் தட்டியபடி சொன்னாள்: "வெறும் பீப்பான்னா தூக்கும்போதே தெரிஞ்சிரும். உள்ளுக்குப் பாரமா ஒண்ணு வெச்சுச் சீமெந்து ஊத்துங்க."

மூன்று பேரின் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அடுப்படியில், சுவரோரம், கஞ்சி காய்ச்சும் பெரிய குண்டான் கவிழ்ந்து கிடந்தது. அடியில் விரல் நுழையும் ஓட்டை. பாத்திரக் கணக்கிலிருந்து கழித்துவிடச் சொல்லி வினோதா ஒன்றரை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவும் பரிசீலனையில் இருந்தது.

பீப்பாய் ஃபெக்டரிப் பின்புறத்தில் கிடைத்தது. சீமெந்து, கக்கூஸ் கட்டும் திட்டத்தில் மிஞ்சியது. மஞ்சளும் கறுப்பும் மாரியம்மன் கோயில் பெயிண்ட். ஜெயகாந்தன் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மனின் சிங்க வாகனத்துக்கு நிறம் பூசுகிறவர். செயலகத்து ஆட்கள் வரைந்த மூன்று இதழ் அபாயச் சின்னம் கோணலாக இருந்தது. ஜெயகாந்தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டு, நூல் பிடித்து, அழகாக வரைந்தார். நாலு மணிக்கு வேலை முடிந்தது. பெரியவன் ஒன்று, சின்னவன் ஒன்று என்று இரண்டும் உள்ளறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஜெயகாந்தன் எட்டி நின்று பார்த்தார். "கண்ணு தொறக்கணுமா டீச்சர்?"

இரண்டு வருடம் நாலு மாதத்தில் வினோதா அந்த அறையில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவை. தொட்டில் கயிறுகளை எடுத்து உதறி வைத்தாள்.

மறுநாள் எட்டு மணிக்குச் சொன்னபடி வந்துவிட்டார்கள். முன்னால் பொலிஸ் ஜீப், நடுவில் லொறி, பின்னால் றோலண்டின் வாகனம், அதில் ஒரு புகைப்படக்காரர். றோலண்ட் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். உள்ளே வந்து இரண்டையும் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"இரண்டு" என்றார் கோப்பிடம்.

உதவியாளன் ஒருவன் கதிரியக்கம் அளக்கும் மீற்றரை ஏந்திக்கொண்டு இரண்டு பீப்பாய்களையும் சுற்றி வந்தான். ஒரே பாவனையில், கோயிலில் தீபம் காட்டுவதுபோல.

"முள்ளு அசையவே இல்லையே தம்பி" என்றாள் லெட்சுமி.

"மீற்றர் அளவு திருத்தத்துக்குப் போயிருக்குங்கக்கா. இது பெட்டி மட்டுந்தான்" என்றான் அவன் தணிந்த குரலில்.

பிறகு றோலண்ட் குனிந்தார். இரண்டு வருட ஈரத்தில் பழைய பீப்பாயின் மஞ்சள் உரிந்திருந்தது. அபாயச் சின்னத்தில் ஓர் இதழ்தான் மிச்சம். ஒட்டிய தாளைப் பூஞ்சணம் தின்றுவிட்டிருந்தது. அவர் புத்தகத்தைப் பிரித்தார்.

"அடையாளம் சிதைந்த பொதிகளை வீதியில் கொண்டுசெல்லலாகாது. பிரிவு ஒன்பது. முதலில் மீள்பொதியிடல் பிரிவு வந்து இதைச் சீர்செய்ய வேண்டும்."

"அவங்க எப்ப வருவாங்க சேர்?"

"அந்தப் பிரிவு இன்னும் அமைக்கப்படவில்லை." சின்னப் பீப்பாயைத் தட்டினார். "இது மிகச் சிறந்த நிலையில் இருக்கிறது. இதை ஏற்றுவோம். அது தற்காலிகமாக இங்கேயே இருக்கட்டும்."

"சேர், பெயிண்டுதானே? ஜெயகாந்தன் அண்ணன் அஞ்சே நிமிசத்துல அடிச்சுக் குடுத்துருவாரு."

"அங்கீகாரம் பெறாத ஒருவர் கதிரியக்கப் பொதிக்கு நிறம் பூசுவதா?" றோலண்ட் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அதற்கெல்லாம் வெளிநாட்டில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் டீச்சர். இதைப் பாருங்கள், எவ்வளவு நேர்த்தி!"

ஜெயகாந்தன் நேர்த்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நாலு பேர் சின்னப் பீப்பாயை உருட்டத் தொடங்கினார்கள். வினோதா றோலண்டின் கையைப் பிடிக்காத குறையாக அடுப்படிக்கு அழைத்துப் போனாள்.

"சேர், ஏத்துறது வெறும் சீமெந்துங்க. உள்ள எங்க ஓட்டைக் குண்டான் இருக்கு. நேத்து பகல் நாங்கதான் செஞ்சோம். ரெண்டு வேணும்னீங்க, செஞ்சோம். நான் எழுதிக் குடுக்குறேன், எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா அந்தப் பழசக் கொண்டு போயிருங்க. நம்பிக்கை இல்லேன்னா தொட்டுப் பாருங்க, பெயிண்ட் இன்னும் காயல."

றோலண்ட் தன் விரல் நுனியைப் பார்த்தார். சற்று முன் தட்டிய விரல். மஞ்சளாக இருந்தது. கைக்குட்டையை எடுத்து மெதுவாகத் துடைத்தார். பேசியபோது மேடைத் தமிழ் அவரிடம் இல்லை.

"டீச்சர், நான் கந்தப்பளைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன். எங்கம்மாவும் என்னையப் புள்ளைக்காம்பராவுல போட்டுட்டுத்தான் மலைக்குப் போச்சு. எனக்கு வெளங்காதுன்னு நெனைக்காதீங்க." வெளியே புகைப்படக்காரர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஆனா இப்ப சொன்னீங்களே, அது எங் காதுல விழல. விழுந்தா ஒங்க மூணு பேரையும் உள்ள போடணும். போட்டா, ஒண்ணு எப்படி ரெண்டாச்சுன்னு என்னையக் கேப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் சர்வீஸ்."

"அப்ப புள்ளைங்க சேர்? நாளானிக்குப் பரிசோதகர் வர்றாரு."

"அது வேற டிப்பார்ட்மெண்ட் டீச்சர்" என்றார். அதில் ஆணவம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. பிறகு கைக்குட்டையின் மஞ்சளை உள்பக்கமாக மடித்துப் பையில் வைத்தார். கழுத்துப்பட்டியை நேராக்கினார். வாசலுக்குப் போனார்.

"ஆரம்பிக்கலாம்" என்றது பழைய குரல்.

படம் எடுத்தார்கள். உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற முறையில் வினோதாவையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். உள்ளறை மறுபடி பூட்டப்பட்டது. இந்த முறை அவர் பூட்ட மறக்கவில்லை, இழுத்தும் பார்த்தார். பொலிஸ் ஜீப் சைரன் போட்டுக்கொண்டு முன்னே போக, கொட்டகலையில் பஸ்களை எல்லாம் ஓரங்கட்டி நிறுத்தி, ஓட்டைக் குண்டான் கொழும்புக்குப் போனது.

முப்பதாம் திகதி பரிசோதகர் வந்தார். பூட்டிய அறையைப் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் நின்றுகொண்டு எழுதினார். பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர் கீழ்ப்பிரிவுக்குப் போனது. நிலக்ஷி பட்டியலில் முதலாவது. லெட்சுமி ஒரு கிழமை நடந்து பார்த்தாள். எட்டாம் நாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் அவள் இல்லை. பிள்ளையோடு லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

"ஒங்க மேல கோவம் இல்ல டீச்சர்" என்றாள், வினோதா பார்க்கப் போனபோது. "நீங்க ரெண்டுன்னு எழுதாம பத்துன்னு எழுதியிருந்தாலும் அவங்க நல்லதாப் பாத்து ஒம்பதக் கொண்டு போயிருப்பாங்க."

புது வருடத்துக்கான படிவம் செயலகத்திலிருந்து வந்தது. இரண்டில் ஒன்று போக இருப்பு ஒன்று என்று அச்சிட்டே அனுப்பியிருந்தார்கள். கோப்பும் அறையும் முதல் தடவையாக ஒத்துப்போயின. வினோதா கையெழுத்து வைத்தாள்.

வருட முடிவில் பிள்ளைக்காம்பராப் பாத்திரப் பட்டியலையும் எழுதினாள். குண்டான் மூன்று, மூடி நாலு. மேலதிகமாக ஒரு மூடி எப்படி வந்தது என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது.